தூசிக்குச் சூப்பு

கோழிக்காலைத் தணலில் வாட்டும்போது ஒரு நாற்றம் வரும். அதை முடி கருகும் நாற்றம் என்றும் சொல்ல முடியாது, தோல் கருகும் நாற்றம் என்றும் சொல்ல முடியாது. நனைந்த ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டதுபோல் நெஞ்சில் வந்து உட்காரும். மஞ்சள் தோல் கொப்பளித்து வெடித்ததும் நுனியைப் பிடித்து இழுத்தால் நகத்தோடு சேர்ந்து குழந்தையின் காலுறை மாதிரி முழுதாக உருவிக்கொண்டு வரும்; அதற்குள்ளிருந்து வெளுத்த, ஈரமான, நாலு விரல் உள்ள ஒரு கை வெளியே வரும். ஆமாம், அது கைதான். எனக்கு அது ஒருநாளும் காலாகத் தெரிந்ததில்லை. பதினோரு வயதிலிருந்து பதினேழு வயதுவரை ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் அப்படி ஐம்பது அறுபது கைகளை உரித்திருக்கிறேன். இன்று எந்தக் கல்யாண ரிசப்ஷனிலாவது வாசலில் நின்று ஒருவர் "சிக்கன் சூப் எடுத்துக்குங்க" என்று கிண்ணத்தை நீட்டினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். மரியாதை தெரியாதவள் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் அதற்குச் சூப்பு என்று பெயரே கிடையாது. "கோழிச்சாறு" என்போம். சளி பிடித்தால் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு அம்மா வைப்பாள், குடித்துவிட்டுப் படுத்தால் வியர்த்துக் கொட்டும், அவ்வளவுதான். அதைச் சூப்பு ஆக்கியவர் அப்பா வேலை பார்த்த பீங்கான் யூனிட்டின் முதலாளி. யூனிட்டில் முதன்முதலில் அந்தச் சொல் விழுந்தபோது, சாமானைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் பினிஷிங் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்களாம், "இந்த வயசுலயா சூப்பறது, வெரலயா?" என்று. பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும், அதுதான் எங்கள் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் கொலு பொம்மையை நினைத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் யூனிட்டில் பொம்மை கிடையாது. வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, வெள்ளையாக, கரண்ட் போனால் பிடுங்கிக் கம்பி மாற்றுவோமே, அந்த "பியூஸ் கட்டை" செய்தார்கள். அப்பாவுக்கு மில்லுப் பக்கம் வேலை. கல்லு மாவு மூட்டை மூட்டையாக வரும். மூட்டையின் வாயைக் கத்தியால் கீறி, தோளில் தூக்கி, சுற்றுகிற பெரிய உருளைக்குள் கொட்ட வேண்டும். கொட்டும்போது மேலே எழும்புகிற வெள்ளைப் புகையில் ஆள் மறைந்துபோவார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கும் அப்பாவின் கண்ணிமை முடிகூட நரைத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால்தான் அவருக்கு வயது குறையும்.

அந்த மில்லில் அப்பாவுக்கு முன்னால் வேலை பார்த்தவர் நல்லூர்ப் பக்கத்து ஆள். ஒரு மழைக்காலம் முழுக்க இருமி, வேலைக்கு வராமல் நின்று, தை பிறப்பதற்குள் போய்விட்டார். காசநோய் என்றார்கள். யூனிட்டில் இருந்தவர்கள் நம்பவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து முதலாளியிடம் போய், மூக்குக்கு ஏதாவது போட்டுக்கொள்ள வாங்கிக் கொடுங்கள், தூசியை இழுக்கிற ஃபேன் ஒன்று மாட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளே இல்லை, அதனால்தான் அவரை எதிர்க்க யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்தால் மூச்சு முட்டி மயக்கம் போட்டு மில்லுக்குள் விழுவீர்கள், உடம்புக்குத் தெம்பு இருந்தால் தூசி என்ன செய்யும் என்று பேசியிருக்கிறார். அன்றைக்கு அப்பாவுக்குச் சளி என்று அம்மா தூக்குவாளியில் கோழிச்சாறு கொடுத்து அனுப்பியிருந்தாள். முதலாளி அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அங்கேயே முடிவு செய்துவிட்டார். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை, எல்லோருக்கும் சூப்பு. கோழி அவருடையது, கை அம்மாவுடையது.

ஃபேன் கேட்டுப் போனவர்கள் சூப்போடு திரும்பி வந்தார்கள். இதைவிடக் கேவலமாக ஒரு விஷயம் என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. ஆனால் பதினோரு வயதில் எனக்கு அது கேவலமாகத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

கோழி என்று சொன்னேன். முதல் மாதம் கோழிதான் வந்தது. அப்புறம் கறிக்கடையில் மிஞ்சுகிற கழுத்தும் காலும் முதுகெலும்பும் வந்தன, நீல நிறப் பிளாஸ்டிக் பையில், அடியில் ரத்தத் தண்ணீர் தேங்கி. எலும்பில்தான் சத்து என்றார் முதலாளி. கழுத்தின் உள்ளே ஒரு வெள்ளைக் குழாய் ஓடும். அதைப் பிடுங்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்பாள் அம்மா. முதுகெலும்பில் ஒட்டிய ஈரல் துணுக்கு, உறைந்த ரத்தம், உள்ளே பிசுபிசுவென்று மஞ்சள் கொழுப்பு. எல்லாவற்றையும் மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாலும் என் கையை விட்டு அந்த வாடை போகாது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைத்தால் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பெரிய அலுமினிய அண்டாவில் எலும்பைப் போட்டு, இஞ்சி பூண்டு மிளகு தட்டி, சின்ன வெங்காயம் நசுக்கி, வெந்து எலும்பு கழன்று வரும்வரை கொதிக்கவிட்டு, மேலே திரளும் சாம்பல் நிற நுரையை நான் கரண்டியால் எடுத்து எடுத்துச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். தெருநாய்கள் அதற்கென்றே வந்து படுத்திருக்கும்.

நாலு மணிக்கு அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு யூனிட்டுக்குப் போவோம். அம்மா உள்ளே நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். "சூப்பு அக்கா வந்துட்டாங்க" என்று குரல் கேட்கும். கம்மாபுரம் பக்கத்துக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, யாரிடமும் நிமிர்ந்து பேசாத என் அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கொடுப்பதும் கழித்துப் போட்ட கிண்ணங்களில்தான். பக்கத்து யூனிட்டில் கோணலாய்ப் போன, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பொத்துப்போன "செகண்ட்ஸ்" கிண்ணங்களை வாங்கி வைத்திருந்தார்கள். யாரும் கை கழுவ மாட்டார்கள், மில் நிற்காது, சூப்பை ஊற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அதன் மேல் மெல்லிய வெள்ளை ஆடை ஒன்று படியும். பாலாடை மாதிரி. அது கல்லு மாவு. உதட்டால் அதை ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்கள். சிலர் ஒதுக்காமலே குடிப்பார்கள். குடித்த கிண்ணத்தின் உள்பக்கம் கோடு கோடாக வெள்ளை ஒட்டியிருக்கும். அதைக் கழுவுவதும் நான்தான்.

புரட்டாசி வந்ததும் சிக்கல். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த மாதம் கவுச்சி தொட மாட்டார்கள், அதிலும் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். சூப்பு நாளோ சனிக்கிழமை. ஒரு மாதம் சூப்பு இல்லாவிட்டால் தூசி நெஞ்சில் கெட்டிப்பட்டுவிடும் என்று ஆட்கள் பயந்தார்கள். பயம் என்றால் நிஜமான பயம். ஒரு வருடத்துக்குள் சூப்பு மருந்தாகிவிட்டிருந்தது; முதலாளி சொன்ன தெம்புப் பேச்சு போய், சூப்பு தூசியை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும் என்று அவர்களே முடித்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்காவது மூக்குக்கு ஏதாவது கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சூப்புக்குப் பதில் என்ன என்றுதான் கூட்டம் போட்டார்கள்.

முதலாளிக்கு நெய்வேலியில் கடை வைத்திருந்த மச்சான் ஒருவர் உண்டு. அவர் கடையில் தேங்கிப்போன நூடுல்ஸ் பெட்டிகள் யூனிட்டுக்கு வந்து சேர்ந்தன. பாக்கெட்டின் மேல் கேரட்டும் பட்டாணியும் குடைமிளகாயும் படம் போட்டிருந்தது. உள்ளே கொட்டிப் பார்த்தால் எறும்பு அளவுக்கு நாலு கேரட் துணுக்கு. "வெஜிடபிள் நூடுல்ஸ்" என்று முதலாளி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். "சுத்த சைவம். பெருமாளே சாப்பிடலாம்" என்றார். அம்மா அதைப் புளியில்லாத ரசத்தில் வேகவைத்துக் கொண்டுபோனாள்.

முதலில் கிண்ணத்தை வாங்கியவர் செல்வராசு மாமா. சூளைக்கு விறகு தள்ளுகிறவர், அம்மாவைத் தங்கச்சி என்பார், அவர் வாய் சும்மா இருக்காது. நூடுல்ஸை விரலால் தூக்கிப் பார்த்தார். அது நீண்டுகொண்டே வந்தது.

"இன்னா தங்கச்சி, நூலுக் கண்ட அவுத்துப் போட்டியா?"

"அதான் நூடுல்ஸுண்ணே. மொதலாளி குடுத்தது."

"நல்லதுதான். கறி தூசிய இழுக்கும். இது கட்டி இழுத்துக்கிட்டு வரும். காலையில கொல்லைக்குப் போனா பண்டல் பண்டலா வெளிய வந்துடும் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வராசு மாமா சொன்னது கிண்டல். அது அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். ஆனால் ஐப்பசி பிறந்து மறுபடி கோழி வந்தபோது, பினிஷிங்கில் இருந்த ஒரு பெண் கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, "நூலு போடலியா அண்ணி? வெறுஞ்சாறு குடிச்சா நெஞ்சு கரகரன்னே இருக்குது" என்றாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். நூல் தூசியைக் கட்டும் என்பது கார்த்திகைக்குள் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது. செல்வராசு மாமாவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நூடுல்ஸ் என்ற இங்கிலீஷ் பேரை நூல் என்று காதில் வாங்கியதில் வந்த வைத்தியம் இது. உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி ஒரு வைத்தியம் இருக்காது.

பெட்டிகள் தீர்ந்ததும் முதலாளி கையை விரித்துவிட்டார். ஆட்கள் நூல் கேட்டார்கள். அம்மா விடவில்லை, அவளே செய்ய ஆரம்பித்தாள். கேரட்டை அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் மைதாவும் அரிசி மாவும் கெட்டியாகப் பிசைந்து, முறுக்கு அச்சில் ஓமப்பொடித் தட்டைப் போட்டு, இட்லித் தட்டில் பிழிந்து ஆவியில் வேகவைத்து எடுப்பாள். பிழிவது என் வேலை. மாவு கெட்டியாக இருந்தால்தான் நூல் அறுந்து போகாது என்பாள். அச்சின் மேல் மார்பை வைத்து அழுத்த வேண்டும், உள்ளங்கை சிவந்து தோல் உரியும். கேரட் விலை ஏறிய வாரங்களில் பீட்ரூட். வெந்ததும் அது தட்டில் மண்புழு மாதிரி சுருண்டு கிடக்கும். கோழிக்கொழுப்பு மிதக்கிற சாற்றில் போட்டால் சாயம் கசிந்து சாறு முழுக்கப் புண்ணைக் கழுவிய தண்ணீர்போல் ஆகிவிடும். அதற்கு நடுவில் ஒரு கோழிக்கால் விரல் விரித்து நிற்கும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அண்டாவின் அடியில் மிஞ்சிய கறித் துணுக்குகளை நானும் தம்பியும்தான் வழித்துத் தின்போம். மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. அந்த ஆறு வருடத்தில் நான் நல்ல உயரமாக வளர்ந்தேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவால் மூட்டையை ஒரே மூச்சில் தூக்க முடியவில்லை. சைக்கிளைப் பாலத்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். பேச்சு நடுநடுவே அறுந்தது. அம்மா அவர் கிண்ணத்தில் இரண்டு மடங்கு நூல் போட்டாள். அதற்கும் நிற்காததால் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டும் என்று.

டாக்டரம்மா வயதில் சின்னவர். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னதும், நெஞ்சு முழுக்கத் தூசிதான், இனிமேல் அந்த இடத்தில் நிற்கவே கூடாது, வேறு வழியே இல்லை என்றால் மூக்கை நன்றாக மூடிக்கொண்டு நிற்க வேண்டும், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், இந்த வாரமே போங்கள் என்று நிதானமாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துச் சீட்டை நீட்டும்போது அம்மா கேட்டாள்:

"கோழி சூப்பு குடுக்கலாமுங்களா?"

"குடுங்களேன். நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. டாக்டரம்மா சொன்ன அவ்வளவிலும் அவள் காதில் ஏறியது அந்த இரண்டு சொல். எழுதிக் கொடுத்த சீட்டு மஞ்சள் பைக்குள் போய்விட்டது. பாண்டிச்சேரிக்குப் போனால் வேலைக்கு லீவு சொல்ல வேண்டும், வியாதி என்று தெரிந்தால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை யூனிட்டில் அம்மா அண்டாவைத் திறந்துகொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, சூப்பு நல்லதுன்னு" என்றாள். முதலாளி அன்றைக்கு வந்திருந்தார். அவர் கையிலும் ஒரு கிண்ணம், கோணல் இல்லாத கிண்ணம். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் பலகையில் தொண்டையை வரைந்து காட்டியிருந்தார்.

"டாக்டரம்மா மூக்க மூட சொன்னாங்க" என்றேன். "வேல செய்யவே கூடாதுன்னு சொன்னாங்க. சூப்பு போற கொழாயி வேற, காத்து போற கொழாயி வேற. சூப்பு வயித்துக்குதான் போவும். நூலும் வயித்துக்குதான் போவும். தூசி இருக்கற எடத்துக்கு இது போவவே போவாது."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள். அவள் கையில் ஒட்டியிருந்த கேரட் நூல் ஒன்று என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. நான் அதை எடுக்கவில்லை. முதலாளி சிரித்தார், கோபமே இல்லாமல், "பொண்ண நர்ஸுக்குப் படிக்க வைம்மா, நல்லா வரும்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து."

மறுநாள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் அவரோடு பேசவில்லை. அவராகவே கூப்பிட்டார்.

"கொழாயி வேறன்னு எங்களுக்குத் தெரியாதா பாப்பா? சூப்பு குடிச்சா தூசி போவாதுன்னு செல்வராசுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூக்குக்கு வேணும்னு திரும்பக் கேட்டா, கஷ்டமா இருந்தா நின்னுக்கப்பான்னுடுவாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு. சூப்பு குடிச்சிக்கிட்டு இருக்கற வரைக்கும் உள்ள இருக்கலாம்."

"அப்ப அம்மாவுக்கு?"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "அவளுக்குத் தெரியாது. நீ சொல்லாத."

எனக்கு அன்றைக்கு வந்த அருவருப்பு கோழிக்கால் மேல் வந்ததைவிடப் பெரிது. தெரியாமல் குடித்தால் முட்டாள்தனம். தெரிந்தே குடித்தார்கள். முப்பது பேர், வாராவாரம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நூலின் மகிமையைப் பேசிக்கொண்டு.

பிறகு ஒரு நாள் அம்மா கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போனாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்; பொருள் திருடு போனால், பங்காளி ஏமாற்றினால், இன்னார் இன்ன அநியாயம் செய்தார் என்று பேப்பரில் எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரிக்கும். அம்மாவுக்கு எழுத வராது. நான்தான் எழுதினேன். அப்பா பேர், ஊர், தெரு எல்லாம் எழுதிவிட்டு, யார் மேல் பிராது என்று கேட்டேன். "இருமல் மேல எழுது" என்றாள். சாமியிடம்கூட முதலாளி பேரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கு அவளை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், மனசுக்குள்ளும் நேரிலும். ஆனால் பேனா என் கையில் இருந்தது. அவளுக்குப் படிக்கவும் தெரியாது. நான் என்ன எழுதியிருந்தாலும் கட்டியிருப்பாள். நானும் இருமல் மேல் என்றுதான் எழுதினேன்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மில்லில் நின்றார், இரண்டு வருடம் வீட்டில் கிடந்தார். அவர் வேலையை விட்ட மறுவாரமே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு ஆள் மில்லுக்கு வந்துவிட்டார். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே அப்பா தூங்குவார். படுத்தால் மூச்சு வராது. கடைசி மாதங்களில் ஒரு வாய் சூப்பு விழுங்குவதற்கு மூச்சை நிறுத்த வேண்டியிருந்தது, மூச்சை நிறுத்தினால் கண் சொருகியது, அதனால் அம்மா ஸ்பூனை வைத்துக்கொண்டு அவர் மூச்சு விடுகிற இடைவெளிக்காகக் காத்திருப்பாள். அவரும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பன்னிரண்டாவது படிக்கிறபோது போனார்.

கருமாதிக்கு முதலாளி வந்தார். அப்பா படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார், கண் கலங்கியதையும் பார்த்தேன், அது பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கிளம்பும்போது அம்மாவிடம், "சூப்ப மட்டும் நிறுத்திடாதம்மா. ஆளுங்க கேக்குறாங்க" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். புருஷன் செத்த பிறகும் இரண்டு வருடம் அந்த யூனிட்டுக்கு அண்டா போனது. நான் கோழிக்காலைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளே உரித்தாள்.

அந்த யூனிட் இப்போது இல்லை. பிளாஸ்டிக் பியூஸும் சுவிட்சும் வந்து பியூஸ் கட்டைக்கு மவுசு போனதும் முதலாளி மூடிவிட்டார். ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள், மில்லு உருளையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், அந்த இடத்தில் பழைய பைக்குகளை வாங்கி விற்கிறார்கள். செல்வராசு மாமா இல்லை. நூல் கேட்ட அந்தப் பெண்ணும் இல்லை. எல்லோரும் ஒரே வியாதியில் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, யாரும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கொரோனா சமயத்தில் வாங்கி அடுக்கிய மாஸ்க் பெட்டிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன, எலி கடிக்கிறது என்று ஓனர் புலம்புகிறார். அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வருகிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். சூப்பைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் வீட்டுக்காரர் வேறொரு யூனிட்டில் மில்லுப் பக்கம் நிற்கிறாராம். இரண்டு மாதமாக இருமலாம். அங்கே வேலை பார்க்கும் வயதான ஆள் ஒருவர், அந்தக் காலத்தில் சூப்பு அக்கா ஒரு சூப்பு வைப்பாங்க, நூலெல்லாம் போட்டு, குடித்தால் தூசி நிற்காது, போய்ப் பக்குவம் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

அம்மா கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நிமிர்ந்தாள்.

"எனக்கு சூப்பு வெக்கத் தெரியாதும்மா."

"நீங்கதான் வெப்பீங்கன்னு..."

"தெரியாது. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அம்மா மறுபடி குனிந்து அவரைக்காயை உரிக்க ஆரம்பித்தாள். தோலையும் கொட்டையையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் முகம் வாடி, "சரிங்கம்மா, போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். "பின்னாலயே போ. மூக்க மூட சொல்லு. படம் புடிக்க சொல்லு. போடீ, உக்காந்துக்கினு இருக்கிற" என்றாள். இருபது வருடத்துக்கு முன்னால் அதே குரல் அந்த யூனிட்டுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

என்னிடம் இருந்த சாவியால் கடையைத் திறந்து பரணிலிருந்து ஒரு பெட்டி மாஸ்க் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கம்மாபுரம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்து, இதுவும் பத்தாது, ஆனால் இதையாவது போட்டுக்கொள்ளச் சொல், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா, நான் கூட வருகிறேன், என் அப்பா இப்படித்தான் செத்தார் என்று கத்திச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், பெட்டியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள், தலையை ஆட்டினாள். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"சரிக்கா. அந்த சூப்பு நாட்டுக்கோழியிலயா, பிராய்லர்லயா?"